வெறுங்காலுடன் கடல் கடந்த ஆட்டக்காரர்

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும் அழகையுமே பேசுவர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்ற பெயர் அதற்கு உண்டு. பிரித்தானியக் கடற்படை 1957 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அத்தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துச் செல்லும் வரை, எத்தனையோ போர்க்கப்பல்கள் அங்கு நங்கூரமிட்டுக் கிடந்தன. கப்பல்கள் சரக்குகளை மட்டும் இறக்குவதில்லை. பிற நாட்டாரின் பழக்கவழக்கங்களையும் இறக்கி விட்டுச் செல்கின்றன. பிரித்தானிய மாலுமிகளோடும் படைவீரரோடும் இலங்கையிற் கரையேறிய பழக்கங்களுள் ஒன்று உதைபந்தாட்டம். இன்று ஏகாம்பரம் மைதானத்திலும் கடற்கரை மணலிலும் பந்தின் பின்னால் ஓடும் திருக்கோணமலைச் சிறுவருக்கு அஃது அயலார் ஆட்டமன்று, சொந்த ஆட்டம்.

அச்சிறுவருள் காலுக்குச் சப்பாத்து இல்லாதவரும் உளர். அவர்களும் அவர்களைப் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது திருக்கோணமலையிற் பிறந்தவரின் வரலாறன்று. அதே வங்காள விரிகுடாவின் வட கோடியில், ஊக்ளி ஆற்றங்கரையில், கல்கத்தாவின் துறைமுகப் பகுதியாகிய மெட்டியாபுரூசில் 1904 ஆம் ஆண்டிற் பிறந்த முகமது சலீம் என்பாரின் வரலாறு அது. கப்பல்களைப் பார்த்தே வளர்ந்த அவர், பின்னாளில் ஒரு கப்பலேறிச் சென்று, ஐரோப்பியக் கழகமொன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் என்று பெயர் பெற்றார்.

சலீம் ஆடிய இடம் வலது ஓரம். ஆட்டக்காரர் அதனை ‘ரைட் விங்’ என்பர். உதைபந்தாட்டத்திலே ஓரத்தில் ஆடுவோரின் நிலை சற்று வேறுபட்டது. நடுவில் நிற்போரிடம் பந்து தானே வந்து சேரும். ஓரத்தில் நிற்பவரோ காத்திருக்க வேண்டும். பந்து வந்துவிட்டால் எதிரணிக் காவலரைத் தாண்டி ஓட வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து போகாமற் காக்க வேண்டும். ஓட்டத்தின் முடிவிலே கோல் வாயிலில் நிற்கும் தோழருக்குப் பந்தைக் கணக்காக அனுப்ப வேண்டும். கோல் அடித்தவர் பெயரை ஊர் கொண்டாடும். பந்தை அனுப்பியவர் பெயரை ஆட்டம் தெரிந்தவர் மட்டுமே நினைப்பர்.

சலீம் ஏழு வயதுச் சிறுவராக இருந்தபோது, 1911 ஆம் ஆண்டு யூலை மாதம் 29 ஆம் நாள், மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று கேடயம் பெற்றது. வென்ற பதினொருவருள் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். ஆளுவோரை ஆளப்படுவோர் வெல்ல முடியும் என்று அன்று கல்கத்தா கண்டது. அந்த வெற்றியின் புகழைக் கேட்டு வளர்ந்த சிறுவர் பலர். அவர்களுள் சலீமும் ஒருவர். படிப்பைக் காட்டிலும் பந்தே அவர் மனத்தைக் கவர்ந்தது.

1926 இல் சித்தரஞ்சன் கழகத்திற் சேர்ந்த சலீம், முகமதியன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் அணி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று கழகம் கழகமாக மாறி, 1934 இல் மீண்டும் முகமதியன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கே வந்து சேர்ந்தார். எட்டு ஆண்டுகளில் ஐந்து கழகங்கள். இவ்வாறு மாறுவோரை நிலையற்றவர் என்று ஏசுவது ஊர் வழக்கம். ஆயினும், ஆட்டத்துக்கு வெளிப்படையான ஊதியம் இல்லாத அக்காலத்தில், தன் திறமைக்கு உரிய இடத்தை ஒருவன் தேடுவதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? சலீம் தேடிய இடம் கிடைத்தது. அவர் வந்த ஆண்டிலேயே முகமதியன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அக்கழகமே முதலிடத்தில் நின்றது.

1936 ஆம் ஆண்டு சீனாவின் ஒலிம்பிக் அணி பெர்லினுக்குச் செல்லும் வழியிற் கல்கத்தாவில் ஆடியது. முதல் ஆட்டத்திற் சலீமின் திறமையைக் கண்டு பலரும் வியந்தனர். அடுத்த ஆட்டத்துக்கு அவரைத் தேடியபோது ஆளைக் காணவில்லை. பிரித்தானியாவில் வாழ்ந்த உறவினர் ஒருவர், ஐரோப்பாவில் ஆடிப் பார்க்குமாறு தூண்டி, அவரைக் கப்பலேற்றிவிட்டார். சலீமுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. ஓரத்தில் ஓடுவோர் பலரும் ஓய்வை நினைக்கும் வயது அது. கெய்ரோ வழியாக இலண்டன் சேர்ந்து, அங்கிருந்து ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்தார்.

கிளாஸ்கோவின் செல்டிக் கழகம் அந்த ஆண்டில் ஸ்கொத்லாந்தின் லீக் பட்டத்தை வென்றிருந்த கழகம். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஏழைகளுக்கு உணவளிக்கும் நோக்கத்தோடு 1887 இல் தொடங்கப்பட்டது அது. 1897 முதல் அதன் நிருவாகியாக விளங்கிய வில்லி மாலியிடம் சென்று, இந்தியாவிலிருந்து வந்த ஆட்டக்காரர் ஒருவரைச் சோதித்துப் பார்க்குமாறு உறவினர் வேண்டினார். அவர் வெறுங்காலுடன் ஆடுபவர் என்பதையும் சொன்னார். கனத்த சப்பாத்து அணிந்த தொழில்முறை ஆட்டக்காரருக்கு எதிரே ஒருவன் வெறுங்காலுடன் ஆடுவதாவது! மாலி முதலிற் சிரித்தார் என்பர். ஆயினும் சோதித்துப் பார்க்க இசைந்தார். ஆட்டத்தைக் கண்ட பின்னர் சிரிப்பு நின்றது.

ஆகஸ்டு 28 ஆம் நாள் கால்ஸ்டன் அணிக்கு எதிராகச் சலீம் களமிறங்கினார். பயிற்சியாளர் ஜிம்மி மக்மெனமி அவருடைய பாதங்களுக்குத் துணிக்கட்டுக் கட்டிவிட்டார். அக்காட்சியின் நிழற்படம் இன்றும் உள்ளது. பழைய புகழ் பெற்ற ஸ்கொத்லாந்து வீரர் ஒருவர் குனிந்திருந்து ஓர் இந்தியரின் பாதத்துக்குக் கட்டுப் போடுகிறார். பேரரசின் காலத்தில் இவ்விரு நாட்டாருக்கும் இடையே எங்கும் காணக் கூடிய காட்சியன்று அது. அன்று செல்டிக் ஏழுக்கு ஒன்று என்று வென்றது. அவ்வேழு கோல்களுள் மூன்று சலீமின் ஆட்டத்தினால் விளைந்தவை. தண்டனை உதை ஒன்றை அடிக்குமாறு தோழர் அழைத்தபோது, கூச்சத்தினால் அவர் மறுத்துவிட்டார். மறுநாட் செய்தித்தாள் அவரைப் புதுப்பாணியில் ஆடும் இந்தியச் செப்பிடுவித்தைக்காரர் என்று எழுதியது. ஹமில்ற்றன் அணிக்கு எதிரான ஆட்டத்திலும் அவர் ஆடிய அணி ஐந்துக்கு ஒன்று என்று வென்றது.

அப்புகழுரையிலே பாராட்டும் உண்டு. பார்வைக் குறைவும் உண்டு. பல ஆண்டுகள் கல்கத்தாவின் கடுமையான போட்டிகளில் உழைத்துப் பெற்ற திறமையை வித்தை என்று சொல்லும்போது, உழைப்பு மறைந்து வியப்பு மட்டும் எஞ்சுகிறது. சலீம் காட்டியது மாயமன்று. பந்தைப் பாதத்தின் தோலினாலேயே உணர்ந்து பழகியவரின் தொழில் நுட்பம்.

அவர் அங்கேயே தங்கியிருக்கலாம். செல்டிக் அவரை விடுவிக்க விரும்பவில்லை. ஜெர்மனியிலிருந்தும் தொழில்முறை ஒப்பந்தம் வந்தது என்பர். ஊர் நினைவு அவரை வாட்டியது. சில மாதங்களிலேயே கல்கத்தாவுக்குத் திரும்பி, முகமதியன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்காக மீண்டும் ஆடினார். பெரும் பணத்தை உதறினார் என்று இதனைப் புகழ்வோர் உண்டு. வாய்ப்பை இழந்தார் என்று வருந்துவோரும் உண்டு. இரண்டும் பிறர் கணக்கு. கடல் கடந்து சென்றவன் திரும்பி வருவதும் அவன் உரிமையே அன்றோ? துறைமுகத்து மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கப்பலேறிய மகன் எவ்வளவு பொருள் ஈட்டினான் என்று ஊர் கேட்கும். எப்போது வருவான் என்றே வீடு கேட்கும்.

சலீமின் கதையைக் கொண்டு வெறுங்காலே சிறந்தது என்று முடிவு செய்வது பிழை. அவர் ஆடியது கோடைகாலத்தின் இறுதியில். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்தார்; பிரான்சு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே வென்றது. 1952 இல் குளிர் மிகுந்த ஹெல்சிங்கியில் யூகோசுலாவியா பத்துக்கு ஒன்று என்று இந்தியாவை வீழ்த்தியது. அதன் பின்னரே இந்தியாவில் சப்பாத்து கட்டாயமாயிற்று. சப்பாத்து அணிந்து பழகிய இந்திய அணி 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பெற்றது. திறமை பாதத்தில் உள்ளது, சப்பாத்தில் இல்லை என்பதைச் சலீம் மெய்ப்பித்தார். திறமைக்குத் துணையும் வேண்டும் என்பதை ஹெல்சிங்கி மெய்ப்பித்தது. வெறுங்காலின் வீரத்தைப் போற்றலாம்; வறுமையைப் போற்றுதல் ஆகாது. சலீமின் பெயரைச் சொல்லி, சப்பாத்து இல்லாத சிறுவனை அப்படியே ஆடு என்று விட்டுவிடுவது அவனுக்குச் செய்யும் நன்மையன்று.

சலீமின் இறுதிக் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது, மருத்துவத்துக்குப் பணம் வேண்டும் என்று அவர் மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நூறு பவுணுக்குரிய வங்கி உண்டியலுடன் மறுமொழி வந்தது. மகனின் உண்மையான விருப்பம் பணமன்று. அந்தக் கழகம் தந்தையை இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறிவதே. நினைவில் வைத்திருந்தது. 1980 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சலீம் காலமானார்.

சில மாதங்கள் மட்டும் தங்கி, இரண்டாம் அணியில் ஆடிச் சென்ற அயல் நாட்டவரை ஒரு கழகம் பல்லாண்டு கழிந்தும் மறக்கவில்லை. இலங்கையின் துறைமுக நகரங்களிலும் ஊர் விட்டு ஊர் சென்று ஆடியவர்கள் உண்டு. அவர்களுடைய பெயரும், ஆடிய ஆண்டும், ஆடிய இடமும் கழகங்களின் ஏட்டிலே எழுதி வைக்கப்பட வேண்டும். ஓரத்தில் ஓடியவரின் உழைப்பு எழுதினால் அன்றி நிற்பதில்லை. அதனோடு, மைதானத்தில் இன்று வெறுங்காலுடன் ஓடும் சிறுவனுக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பதும் அக்கழகங்களின் கடமை. சலீமுக்குச் செலுத்தத் தக்க மரியாதை அதனினும் வேறில்லை.