பிள்ளை பெற்ற பின் உடல் நிறை: தொலைபேசி வழியாக ஒரு கைத்துணை

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி எங்களிடம் கேட்டார்: "ஏங்க அக்கா, நாள் முழுக்க மலையில ஏறி எறங்கியும் எறங்காத ஒடம்பு, போனுல பேசுனா எறங்குமா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சு எல்லாத் தாய்மாருக்கும் பொருந்தாது. நிறை குறைந்தவர்களும் இரத்தம் குறைந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மெலியவே கூடாது. 5 அடி உயரமுள்ள தாய் 43 கிலோவுக்கும் 53 கிலோவுக்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்கு மேலே போனவர்களுக்கும், வயிற்றில் பிள்ளை இருந்தபோது சீனி கூடியிருந்தவர்களுக்கும்தான் இதைச் சொல்கிறோம்.

அந்தச் சீனி, பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். "சரியாப் போச்சு" என்று நாமும் மறந்துவிடுவோம். அதுதான் ஆபத்து. அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் சீனி வியாதி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பிள்ளை பிறந்து 6 கிழமைக்கும் 12 கிழமைக்கும் இடையில் இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் டாக்டர் சொல்லும் தவணையில் பார்க்க வேண்டும். கூடிய நிறையைக் குறைப்பது அழகுக்காக அல்ல. அந்த வியாதியைத் தள்ளி வைப்பதற்காக.

அவசரமும் வேண்டாம். மழை நாளில் ஈரக் கொழுந்து அதிக நிறை காட்டும் என்று நமக்குத் தெரியும். பிள்ளை பெற்ற உடம்பும் அப்படித்தான். உடம்பில் சேர்ந்த நீர் வடிய நாள் எடுக்கும். முதல் 6 கிழமை நிறையைப் பற்றி யோசிக்காமல் நன்றாகச் சாப்பிட்டு, பால் கொடுத்து, ஓய்வு எடுங்கள். அதன் பிறகும் கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. வயிற்றில் துணி கட்டினால் கொழுப்புக் கரையாது. பட்டினி கிடந்தால் தாய்தான் சோர்ந்துபோவார்.

சரி, போன் எதற்கு? சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2013 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீனி வியாதி வரக்கூடிய நிலையில் இருந்த 537 ஆண்களில் பாதிப் பேருக்குச் சாப்பாடு, நடை பற்றிய சிறு செய்திகளைப் போனில் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில், செய்தி போகாதவர்களில் 100க்கு 27 பேருக்குச் சீனி வியாதி வந்தது. செய்தி போனவர்களில் 100க்கு 18 பேருக்குத்தான் வந்தது. அவர்கள் ஆண்கள், நாம் தாய்மார். இருந்தாலும் பாடம் ஒன்றுதான். புத்திமதியை ஒரு தரம் கேட்டால் மறந்துபோகும். யாராவது திரும்பத் திரும்ப விசாரித்தால் மனதில் நிற்கும்.

பட்டன் போன் போதும். கிழமைக்கு ஒரு நாள், குறித்த நேரம், பத்து நிமிடம். நான்கு கேள்விதான் கேட்போம். நிறை எவ்வளவு? என்ன சாப்பிட்டீங்க? எத்தனை நாள் நடந்தீங்க? மனசும் தூக்கமும் எப்படி? பிறகு அடுத்த கிழமைக்கு ஒரே ஒரு சின்ன வேலை. நிறையை எப்போதும் ஒரே தராசில் பாருங்கள், கொப்பியில் எழுதி வையுங்கள். குறையாவிட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். நாங்கள் ஏச மாட்டோம்.

சின்ன வேலை என்றால் எப்படி? ஒரு தாய் ஒரு நாளைக்கு 5 பிளேன்டி குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் 3 கரண்டி சீனி. 15 தேக்கரண்டி, அதாவது 60 கிராமுக்கு மேல். முதல் கிழமை 3 கரண்டியை 2 ஆக்குவோம், அடுத்து 1. காலையில் தேங்காய்ப்பூ போட்ட மா ரொட்டி நான்கு என்றால், ஒன்றைக் குறைத்துக் கீரை, பயறு, கௌபி, நெத்தலி, முட்டை இவற்றில் கிடைப்பதைச் சேர்ப்போம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் விட்டுக் குடித்தால், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். பிரசவ லீவில் இருக்கும்போது பத்துப் பத்து நிமிடமாக நடக்கத் தொடங்கலாம். ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே நடக்க வேண்டும்.

மாமியார்மார்களே, அண்ணன்மார்களே, இனி உங்களுக்குத்தான் சொல்கிறோம். பல வீட்டில் போன் ஆம்பளை கையில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் அதைத் தாயிடம் கொடுங்கள். அவர் நடந்து வரும்வரை பிள்ளையை வைத்திருங்கள். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சிய ரொட்டியும் சீனித் தேத்தண்ணியுமே தாயின் சாப்பாடாக இருந்தால், நாங்கள் நூறு தரம் பேசினாலும் பலன் வராது. கறியில் அவர் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். போனில் மெலிய வைக்கும் மாத்திரை, பவுடர் விற்பவர்களை நம்பாதீர்கள். மருந்து தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கும் போகலாம். அடுத்தது, போன் பேச்சு வைத்தியம் அல்ல. அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், மூச்சுத் திணறல், கால் வீங்கி நோவு, கடும் தலையிடி இருந்தால் எங்களுக்காகக் காத்திராமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் அழுகையும் மனச்சோர்வுமாக இருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

தங்கச்சியின் கேள்விக்குப் பதில் இதுதான். போனில் பேசினால் மட்டும் உடம்பு இறங்காது. பேசியதை வீடே சேர்ந்து செய்தால் இறங்கும். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள். முதல் நிறையை அங்கேயே எழுதித் தொடங்குவோம்.