பர்கர் கடையில் எதைப் பார்த்து உட்காருவது?



குடும்ப நலக் கூட்டம் என்றதும், "இன்றைக்கு ஊசியைப் பற்றிப் பேசுவார்களா, மாத்திரையைப் பற்றிப் பேசுவார்களா?" என்று எண்ணிக்கொண்டு வந்திருப்பீர்கள். இன்று பேச்சு சாப்பாட்டைப் பற்றி. அதுவும் வீட்டுச் சாப்பாடு அல்ல. டவுனில் வாங்கிச் சாப்பிடுகிற பர்கர்.

சிரிக்கிறீர்கள். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். சந்தைக்கோ ஜவுளிக்கோ டவுனுக்குப் போனால், முன்பெல்லாம் இட்லி, புரோட்டா, டீ, பன் என்று முடிந்துவிடும். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே பர்கர் கடை இருக்கிறது. கலர் விளக்கு எரிகிறது. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. "போகவே போகாதீர்கள்" என்று சொல்ல நான் வரவில்லை. கடையை எடைபோடத் தெரிந்துகொண்டு போங்கள் என்று சொல்லவே வந்தேன்.

மாடு வாங்கப் போனால் என்ன செய்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்க்காமல் யாராவது வாங்குகிறோமா? பிள்ளை வாயில் போடுகிற பண்டத்தை மட்டும் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து வாங்கலாமா?

பர்கர் என்பது என்ன?

வட்டமான பன்னை இரண்டாக அறுத்து, நடுவில் வடை மாதிரி தட்டிய கறியையோ உருளைக்கிழங்கையோ பொரித்து வைத்து, மேலே முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி, மயோனைஸ் என்ற வெள்ளைக் குழம்பு எல்லாம் சேர்த்துத் தருவதே பர்கர். இதில் மூன்று இடத்தில் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கறியில், வெள்ளைக் குழம்பில், பச்சைக் காயில்.

முதலில் கறி. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். சட்டியில் சூடு பட்டதும் செத்துப்போகும். கறியைக் கொத்தி அரைத்தால், மேலே இருந்த கிருமி உள்ளே கலந்துவிடும். அதனால் நடுப்பகுதியும் நன்றாக வேக வேண்டும். கோழிக்கறி என்றால் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். ஐஸ் பெட்டியில் உறைந்து கிடந்த கறி வடையை அவசரமாக எண்ணெயில் போட்டு எடுத்தால், மேலே பொன்னிறமாக இருக்கும், உள்ளே வெந்திருக்காது.

1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத மாட்டுக்கறி பர்கரால் பரவிய நோயில் 700 பேருக்கு மேல் படுத்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோயின. அது சந்துக்கடை அல்ல; பல கிளைகள் உள்ள, பெயர் பெற்ற ஓட்டல். ஈ.கோலை என்ற கிருமியில் ஒரு கொடிய வகை, குழந்தைகளின் சிறுநீரகத்தையே தாக்கியது. ஆகவே பெரிய கடை என்பதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். வேகாத கறிக்குப் பெரிய கடை, சின்னக் கடை என்ற பேதம் கிடையாது.

இரண்டாவது, மயோனைஸ். பச்சை முட்டையையும் எண்ணெயையும் சேர்த்து அடித்துச் செய்வது வழக்கம். அடுப்பில் ஏறுவதே இல்லை. முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருந்தால், அப்படியே வயிற்றுக்குள் போய்விடும். இதனால்தான் தமிழ்நாடு அரசு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. முட்டை சேர்க்காத மயோனைஸும் உண்டு. எது என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற கடைக்காரரிடம், "அந்த வெள்ளையை வைக்காமல் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ருசி ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாவது, பச்சைக் காய். காலையில் நறுக்கி, மூடாமல், ஈ மொய்க்க மாலைவரை வைத்திருந்தால் அதுவே போதும். பச்சைக் கோழியை வெட்டிய பலகையிலேயே தக்காளியை நறுக்கினால் கேட்கவே வேண்டாம்.

கடையை எடைபோடுவது எப்படி?

உட்காருவதற்கு முன் இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள்.

கையைப் பாருங்கள். காசு வாங்கிய கையே பன்னைத் தொடுகிறதா? கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா?

எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளிப் புகைந்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். காய்ந்த எண்ணெயில் சேரும் கேடான பொருள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அதில் பொரிக்கக் கூடாது என்பது 2018 முதல் விதி. நம்மிடம் அளக்கிற கருவி இல்லை. கண்ணும் மூக்கும் இருக்கிறதே!

கூட்டத்தைப் பாருங்கள். விற்பனை ஓடுகிற கடையில் பண்டம் தேங்காது. கூட்டம் மட்டும் அத்தாட்சி ஆகாது. ஆனாலும் ஈயோட்டுகிற கடையில் நேற்றைய கறி இருக்க வழியுண்டு.

சுவரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவுச் சான்று மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். எண் இருந்தால் கடை அரசாங்கக் கணக்கில் இருக்கிறது என்று அர்த்தம். இன்றைய கறி நல்ல கறி என்று அர்த்தம் அல்ல. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பர்கர் வந்ததும் அப்படியே கடிக்காதீர்கள். பன்னை லேசாக அழுத்துங்கள். அமுங்கி மேலே எழும்பினால் புதிது, பொடிந்து உதிர்ந்தால் பழையது. கறியை நடுவில் பிட்டுப் பாருங்கள். ஆவி பறக்க வேண்டும். நடுவில் சில்லென்றோ, ரோஸ் நிறமாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நிறம் நன்றாக இருந்தும் சூடு இல்லை என்றால் அதையும் திருப்புங்கள். கறி கம்மி, மாவு ஜாஸ்தி என்றால், அது கொடுத்த காசுக்குப் பெறாத சரக்கு. அடுத்த முறை வேறு கடை.

யார் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள். இவர்களுக்குப் பச்சை முட்டைக் குழம்பும் அரைவேக்காட்டுக் கறியும் ஆகவே ஆகாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே உணவு. நாக்கில் தடவிப் பார்ப்பதுகூட வேண்டாம். மசக்கையில் ஆசைப்பட்டாள் என்று வாங்கிக் கொடுக்கும் கணவன்மார்களே, வாங்கிக் கொடுங்கள். வெந்திருக்கிறதா என்று நீங்களே பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அன்று ராத்திரி வீட்டில் கீரையும் பயறும் இருக்கட்டும்.

பார்சல் விஷயம் இன்னும் முக்கியம். "அம்மாவுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு" என்று கட்டி வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஊர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வெதுவெதுப்பான பொட்டலத்தில் கிருமி பெருகும். மறுநாள் காலையில் பிள்ளைக்குக் கொடுப்பது பெருந்தவறு. தூரத்து ஊர்க்காரர்கள் பர்கரைக் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் பழம் வாங்கிப் போங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்?

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் எழுதியுள்ள அளவுப்படி ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள் தர வேண்டும். சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மலத்தில் இரத்தம், கண் குழி விழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல் இருந்தால் தாமதிக்காதீர்கள்; 108-க்கு அழையுங்கள். கடைப் பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுத்தால், அடுத்த வீட்டுப் பிள்ளை பிழைக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. எண்ணெய் கறுத்திருப்பதை மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, இங்கே வேண்டாங்க" என்கிறாள். கணவனுக்கோ கூச்சம். "உக்காந்தாச்சு, எப்படி எழுந்திரிக்கிறது? நாலு பேர் என்ன நெனைப்பாங்க?" என்கிறான். இந்தக் கூச்சம்தான் நோயை வீட்டுக்குக் கூட்டி வருகிறது. நாலு பேர் ஆஸ்பத்திரி வாசலில் நம்மோடு கண்விழிக்கப் போவதில்லை. பிடிக்காத கடையிலிருந்து எழுந்து வருவது கௌரவக் குறைச்சல் அல்ல. பெற்றவர்களின் பொறுப்பு அது.

ஆகவே நினைவில் வையுங்கள்: கை சுத்தம், எண்ணெய் தெளிவு, கறி நடுவரை சூடு, வெள்ளைக் குழம்பு விசாரித்து, பார்சல் வேண்டாம். இந்த ஐந்தையும் புருஷன் பெண்சாதி இருவரும் சேர்ந்து பாருங்கள். பிள்ளையின் ஆசையும் தீரும், உடம்பும் நலமாயிருக்கும்.