பழரச விரதமும் உடல்நலமும்

(கந்தசஷ்டிக்கு முந்திய வாரம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கந்தசஷ்டி நெருங்குகின்றது. நம்மிற் பலர் ஆறு நாளும் சோறின்றி, தோடம்பழச் சாறும் தேசிக்காய்த் தண்ணீரும் இளநீருமே அருந்தி விரதமிருக்கப் போகின்றோம். அவ்விரதத்தின் ஆன்மிகப் பயனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. அதற்குரியவர்கள் முன்வரிசையிலே இருக்கின்றார்கள். நான் படித்ததோ மிஷன் பாடசாலையில். அங்கே தபசு காலத்தில் வேதபாட ஆசிரியர் உபவாசத்தின் பெருமையை விளக்குவார்; வீட்டுக்கு வந்தால் அம்மம்மா சஷ்டியின் பெருமையை விளக்குவார். இரு பக்கத்தாலும் பட்டினியின் புகழைக் கேட்டு வளர்ந்த எனக்கு, பட்டினி கிடக்கும் உடம்பினுள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் படிக்கத் தொடங்கிய பின்னரே அதனை ஓரளவு அறிந்தேன். நான் வைத்தியனல்லன், மாணவன். அவ்வளவிலே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் உண்ணும் மாப்பொருளில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோசன் என்னும் உருவிற் சேமித்து வைக்கின்றது. ஈரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் ஏறக்குறைய 400 கிராம். இந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவு தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். உணவை நிறுத்தியதும் ஈரலின் சேமிப்பு ஒரு நாளளவிற் கரைகின்றது. அதனோடு தண்ணீரும் போகின்றது. இன்சுலின் குறைவதனாற் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகின்றது. இரண்டாம் நாள் எழுந்து நிற்கையிலே தலை சுற்றுவதற்கு இவையே பெரிதும் காரணம். தலையிடிக்கு வேறொரு காரணமும் உண்டு. நாளுக்கு ஐந்து தடவை தேநீர் குடித்தவர் அதனைத் திடீரென நிறுத்தினால் தலை இடிக்கத்தான் செய்யும். அதற்கு விரதத்தைக் குறை சொல்லலாகாது.

“ஆறு நாளில் மூன்று கிலோ குறைந்துவிட்டேன்” என்று பெருமை பேசுவோர் உளர். நானும் இரண்டாண்டுகளுக்கு முன் அப்படிப் பேசியவனே. கணக்கைப் பாருங்கள். ஒரு குவளை தோடஞ்சாறு ஏறக்குறைய நூறு கலோரி தரும். நாளுக்கு ஐந்து குவளையென்றால் ஐந்நூறு. வாலிபன் ஒருவனுக்கு வேண்டியது இரண்டாயிரத்துக்கு மேல். குறைவு ஆயிரத்தைந்நூறு, ஆறு நாளில் ஒன்பதாயிரம். ஒரு கிலோ உடற்கொழுப்பிலே 7,700 கலோரி அளவு அடங்கியிருக்கின்றது. ஆகவே குறைவு முழுவதையும் கொழுப்பே ஈடுசெய்தாலும் ஒன்றேகால் கிலோவுக்கு மேற் கரைய இடமில்லை. மிச்சமெல்லாம் தண்ணீரும் சிறிது தசையுமே. பாறணைக்குப் பின் ஒரு கிழமையில் என் இரண்டு கிலோ வீடு திரும்பிவிட்டது.

தசை என்றேனே, அதுவே கவனிக்கத்தக்கது. நம் மூளைக்கு நாளொன்றுக்கு 120 கிராம் அளவு குளுக்கோசு வேண்டும். வெறுந்தண்ணீர் விரதத்தில் ஈரலின் சேமிப்பு தீர்ந்ததும், உடம்பு தன் தசைப் புரதத்தை உடைத்து அதனை உண்டாக்குகின்றது. சில நாட் சென்றபின்னரே கொழுப்பிலிருந்து வரும் கீற்றோன்களை மூளை பேரளவில் ஏற்கின்றது. கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகிலே தத்தளிப்போருக்கு எவ்வுணவை வைப்பது என்பதனை இரண்டாம் உலகப் போரின்போது ஜேம்ஸ் காம்பிள் என்னும் அமெரிக்க வைத்தியர் ஆராய்ந்தார். நாளுக்கு 100 கிராம் குளுக்கோசு கொடுத்தால், பட்டினியில் உடையும் புரதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதை அவர் கண்டார். ஐந்து குவளைச் சாற்றிலுள்ள வெல்லமும் ஏறக்குறைய அவ்வளவே. தண்ணீர் மட்டும் குடிப்பவரைவிடச் சாறு குடிப்பவருக்குத் தசை இழப்புக் குறைவு என்பது இதனால் விளங்கும். இழப்பே இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். சாற்றிற் புரதம் மிகச் சொற்பம்.

இனி, “நஞ்சைக் கழுவுகிறது” என்று சொல்லிச் சாற்றுப் போத்தல்களை விற்கின்றார்கள். எந்த நஞ்சு என்று கேட்டால் விடையில்லை. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு திரவத்தை வடித்து, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக விடுகின்றன. ஈரலும் ஓய்வின்றி வேலை செய்கின்றது. இவை சாற்றுக்காகக் காத்திருப்பனவல்ல.

குடலைப் பற்றியும் ஆராய்ந்திருக்கின்றார்கள். கலிபோர்னியாவிலே 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், இருபது பேர் மூன்று நாள் பழமரக்கறிச் சாறு மட்டும் அருந்தினர். நிறை ஒன்றரைக் கிலோவுக்கு மேற் குறைந்தது. குடற் கிருமிகளின் விகிதம் மாறியது. தாம் நலமாக உணர்ந்ததாகவும் சொன்னார்கள். 2025இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வோ, மூன்று நாட் சாறு வாயிலும் குடலிலும் அழற்சியோடு தொடர்புள்ள கிருமிகளைப் பெருக்குவதாகக் காட்டியது. பிழிந்தெறியும் சக்கையிலுள்ள நார்ப்பொருள் இல்லாமையும், சாற்றிலுள்ள வெல்லமுமே காரணமென அவ்வாய்வாளர் கருதுகின்றனர். இரண்டும் சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்துப் பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஆனால் பழத்தையே சப்பித் தின்பதற்கு எதிராக இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆரோக்கியமான வாலிபருக்கு ஆறு நாட் சாறு பெரிய நன்மையுமில்லை, பெரிய தீமையுமில்லை என்பதே என் கருத்து. எனக்குப் பயம் தருவது வேறு. வெறுவயிற்றில் காமரங்காச் சாறு குடிப்பவர்கள் இருக்கின்றார்கள். ஐந்து மூலையுள்ள அப்பழத்திலும் பிலிங்காயிலும் ஒட்சலேற்று மிகுதி. பிலிங்காய்ச் சாற்றினாற் சிறுநீரகம் பழுதடைந்த பத்துப் பேரைப் பற்றிக் கேரள வைத்தியர்கள் 2013இல் எழுதினர். காமரங்காவினால் அவ்வாறானவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களும் எழுதியிருக்கின்றார்கள். இளநீரில் பொற்றாசியம் அதிகம். சிறுநீரக நோயாளருக்கும், இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை எடுப்போருக்கும், அது இருதயத் துடிப்பையே குழப்பக்கூடும்.

சலரோகத்தைப் பற்றி நூற்கல்வியால் அல்ல, கண்ணாற் கண்டதனாற் சொல்கின்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மம்மா விடியற்காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சீனியில்லாத தேசிக்காய்த் தண்ணீரோடு கோயிலுக்குப் போனார். சீனி போட்டாற் சலரோகம் கூடுமென்பது அவர் எண்ணம். மாத்திரை வெல்லத்தைக் குறைக்க, வயிற்றிலோ ஒன்றுமில்லை. நாலாம் நாள் வீதியிலே உடல் நடுங்கி, வியர்த்து, ஏதேதோ பேசத் தொடங்கினார். சுற்றிநின்றோர், “கலை வந்துவிட்டது” என்று கைகூப்பினார்கள். நானும் கைகூப்பினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கின்றேன். கூட்டத்திலிருந்த தாதியொருவர் ஓடி வந்து, கடலைக்காரியிடம் சோடா வாங்கிப் பருக்கினார். பத்து நிமிடத்தில் அம்மம்மா என் பெயரைச் சொல்லி அழைத்தார்.

பாறணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடும்பட்டினிக்குப் பின் திடீரெனப் பேருணவு உட்கொண்டால், இன்சுலின் ஏறி இரத்தத்திலுள்ள பொசுபேற்று சடுதியாகக் குறையும். போர் முடிவிலே பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களுட் சிலர் சோறு கிடைத்தபின் இறந்தது இதனாலேயே. ஆறு நாட் சாறு குடித்த வாலிபனுக்கு அவ்வாபத்து அரிது. ஏற்கெனவே மெலிந்த முதியவருக்கு அப்படியன்று. விடியலில் இலைநிறைய வைத்து, “இன்னும் கொஞ்சம்” என்று அவர்களை வற்புறுத்தாதிருப்போம்.

சென்ற ஐப்பசியில் அம்மம்மா விரதத்துக்கு இரண்டு கிழமை முன்னரே கிளினிக்குக்குப் போனார். வைத்தியர் மாத்திரையின் அளவை மாற்றி, இரவில் ஒருநேர உணவு கட்டாயம் என்றார். “இதுவும் ஒரு விரதமோ?” என்று ஆறு நாளும் என்னோடு சண்டை. ஆயினும் சூரன்போருக்கு அவர் முன்வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நான், சட்டைப்பையிற் சீனித்தண்ணீர்ப் போத்தலோடு.