இஸ்தோப்பில் கிடைக்கும் கவரேஜ்

பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை: வீட்டு முன் இஸ்தோப்பில் நின்றால் கவரேஜ் இருக்கும், அடுப்படிக்குள் போனால் காணாமல் போய்விடும். மலை மறைத்தால் அலை என்ன செய்யும்? இந்த நிலைமையில் போனில் காமெடித் தொடர் பார்ப்பது பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முழு எச்டி படம் ஒன்றில் 1920-க்கு 1080 புள்ளிகள். நொடிக்கு 24 படம். சுருக்காமல் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 500 ஜிபிக்கு மேல் போகும். எவ்வளவு ரீலோட் போட்டாலும் கட்டாது. நெட்ஃபிளிக்ஸ் அதை 3 ஜிபி அளவுக்குக் கொண்டுவருகிறது. எப்படி? பின்னால் நிற்கும் சுவர் அசையவில்லை என்றால் அதைத் திரும்ப அனுப்புவதில்லை. படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். இன்றும் பரவலாகப் புழங்கும் எச்.264 என்ற முறை வந்தது 2003-இல். வடிவேலு கைப்புள்ளயாக வந்த 'வின்னர்' படம் வந்ததும் அதே வருடம்தான்! பட்டப்பகல் வெளிச்சத்தில் கைப்புள்ள அடி வாங்குவதை 240பி என்ற மங்கல் தரத்தில் பார்த்தாலும் சிரிப்பு வரும்.

இப்போது விருது வாங்கும் காமெடித் தொடர்கள் அப்படியில்லை. 2024 ஜனவரியில் சிறந்த காமெடித் தொடருக்கான எம்மி விருது வாங்கிய 'தி பேர்' தொடரில் கமெரா சமையலறைக்குள் ஆளோடு ஆளாக ஓடும். எல்லாமே அசைந்தால் மிச்சம் பிடிக்க ஏது வழி? இருட்டுக் காட்சி வந்தால் இன்னும் மோசம். நிழலுக்குள் இருக்கும் மெல்லிய வேறுபாட்டைத்தான் சுருக்கும் முறை முதலில் கைவிடும். கன்னத்து நிழல் படிப்படியாகத் திட்டுத் திட்டாக நிற்கும். நடிகர் வாயோரத்தை லேசாக இழுப்பதில்தான் சிரிப்பே இருக்கிறது. அது கலங்கிப் போய்விடும்.

கவரேஜ் குறைந்தால் போன் தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். தொடர் சில நொடித் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டும் பல தரத்தில் வைக்கப்பட்டிருப்பதால் அது முடிகிறது. அதற்கும் வழியில்லாதபோதுதான் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். என்னைக் கேட்டால், மங்கலான படத்தைவிட அந்த வட்டம்தான் காமெடிக்கு எதிரி. பதில் வசனம் அரை நொடி பிந்தினாலே சிரிப்பு செத்துவிடும். ஆகவே எச்டி ஆசையை விட்டு 480பி-யில் நிறுத்தி வையுங்கள். ஒலிக்கு நொடிக்கு 128 கிலோபிட் இருந்தாலே தெளிவாகக் கேட்கும்.

இருட்டான தொடர் என்றால் பதுளை டவுனுக்கு வரும்போது நல்ல தரத்தில் டவுன்லோட் செய்துகொண்டு போங்கள். இரவில் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். பகலில் இஸ்தோப்பு வெளிச்சத்தில் பார்த்தால் அந்த நல்ல தரமும் கண்ணில் படாது.