விடுதலைச் சீட்டும் கடன் சீட்டும்

(திண்டுக்கல் மில், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்க எழுத்தாளர் பார்பரா ஹாம்ப்ளி துப்பறியும் கதைகள் எழுதியுள்ளார். காலம் 1830-கள், ஊர் நியூ ஆர்லியன்ஸ். துப்பறிபவர் பெஞ்சமின் ஜனவரி; விடுதலை பெற்ற கறுப்பர், பாரிசில் படித்த வைத்தியர். ஆயினும், பையிலுள்ள விடுதலைச் சீட்டை எவனாவது கிழித்தெறிந்தால் சந்தையில் விலைபோக வேண்டியதுதான்!

இங்கே? ஒருவனை அடிமையென்று உரிமை கொண்டாடினால் கோர்ட்டு ஏற்காது என்றது 1843-ம் ஆண்டின் 5-வது சட்டம். பிறகும் பண்ணையாளைக் கட்டிவைத்தது எது? கடன் சீட்டு! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது. அதற்குப் பின்னும் நம் வட்டார நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' நுழைந்தது. மூன்றாண்டு முடித்தால்தான் மொத்தத் தொகை; நடுவில் நின்ற பெண்ணுக்கு நஷ்டம்.

கதையில் குற்றவாளி கடைசிப் பக்கத்தில் அகப்படுவான். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நிலமும் மில்லும் யார் கையிலோ, சீட்டும் அவர் கையில்தான். கையெழுத்துக் கேட்டால், படித்துக் காட்டச் சொல்லுவோம். தனியாக அல்ல, சங்கமாக நின்று சொல்லுவோம்!