ஏட்டில் பேரில்லாத தியாகிகள்

(சேந்தமங்கலத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும் திருச்சி, தஞ்சையிலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்காக மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். பால் மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின. தோட்டத்துப் பெண்கள் ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அதன் தலைவி சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி.

யுத்தம் முடிந்தது. 1945 நவம்பர் 5-ல் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், ஸெகல், தில்லான் ஆகிய மூவர்மீது வெள்ளை சர்க்கார் விசாரணை தொடங்கியது. தேசமே கொதித்தெழுந்தது. வழக்காடவும் நிவாரணம் வழங்கவும் காங்கிரஸ் கமிட்டிகள் அமைத்தது. 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் வேலைநிறுத்தத்தில் இறங்கிய கடற்படை மாலுமிகள், இந்த வீரர்களை விடுதலை செய் என்றும் முழங்கினார்கள். மாலுமிகளுக்காகப் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறினார்கள். தெருவில் குண்டடிபட்டு மாண்டார்கள். அந்த வீரர்களுக்குத் தொழிலாளி வர்க்கம் செய்த உதவி அது!

சுதந்திரம் வந்தது. அந்த வீரர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. மத்திய சர்க்காரின் தியாகி பென்ஷன் திட்டம் வந்தது எப்போது? 1972-ல்! இருபத்தைந்து ஆண்டு கழித்து, மாதம் 200 ரூபாய். 1980-ல் வருமான வரம்பை நீக்கினார்கள். விதவைக்கும் மணமாகாத மகளுக்கும் உரிமை உண்டு என்றார்கள். நல்லதுதான்.

ஆனால் சான்று கேட்டார்கள். ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குக் காகிதம் எங்கே? பிறகு பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். தோழர்களே, தோட்டத்திலிருந்து சேர்ந்த பலரை வெள்ளையன் சிறையிலேயே வைக்கவில்லை. போ என்று விட்டுவிட்டான். ராணிப் படைப் பெண்கள் 1945-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கி, படை கலைந்து வீடு திரும்பினார்கள். இவர்கள் எந்தச் சிறை ஏட்டைக் காட்டுவார்கள்? பர்மாக் காட்டில் காய்ச்சலில் மாண்டவனுக்கு மரணச் சான்று எழுதித் தந்தது யார்?

பிரான்ஸில் நாஜிகளை எதிர்த்துப் போராடியவர்களின் உரிமையை 1949-லேயே சட்டமாக்கினார்கள். இங்கே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. விண்ணப்பம் தாமதமாக வந்தது என்று தள்ளக்கூடாது என 1993-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கிரிமினல் வழக்குக்குக் கேட்பதைப் போலச் சான்று கேட்கக்கூடாது என 2001-ல் சொன்னது. அதற்குள் எத்தனை கிழவிகள் கண்ணை மூடினார்களோ!

பேர் ஏட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாதா? பத்து வருஷம் கதிர் ஓட்டிய காண்டிராக்ட் தொழிலாளி விபத்தில் கை இழந்தால், இவன் எங்கள் ஆளே இல்லை என்கிறான் முதலாளி. அதே கணக்குத்தான் இது.

ஆகவே, மலாயா, பர்மா போய் வந்த குடும்பம் நம் ஊரில் எது என்று வீடு வீடாக விசாரியுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய கடிதத்தை, பாஸ்போர்ட்டை, படத்தைச் செல்லரிக்க விடாதீர்கள். விதவையோ மணமாகாத மகளோ இருந்தால், மனு எழுதச் சங்கம் துணை நிற்க வேண்டும். கேட்பது பிச்சையல்ல. நாடு பட்ட கடன்!