ஏ.எம். வானொலியின் எதிர்காலமும் புலம்பெயர்ந்த சமூகங்களும்

(ரொறன்ரோ ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், பெல் நிறுவனம் கனடாவில் ஆறு ஏ.எம். வானொலி நிலையங்களை மூடியது. வன்கூவரில் இரண்டு, கல்கரி, எட்மன்ரன், வின்னிபெக், ஒன்ராறியோவின் லண்டன் ஆகிய நகரங்களில் ஒவ்வொன்று. அதே நாளில் வின்சரில் ஒரு நிலையமும் ஹமில்ரனில் இரண்டு நிலையங்களும் விற்கப்படவுள்ளதாக அறிவிக்கப்பட்டது. எட்டு மாதங்களின் பின், 2024 பெப்ரவரி 8ஆம் நாள், 4,800 பணியிடங்களைக் குறைப்பதாகக் கூறிய அந்நிறுவனம், தன்னிடமிருந்த 103 வானொலி நிலையங்களுள் 45ஐ ஏழு நிறுவனங்களுக்கு விற்கப்போவதாகவும் அறிவித்தது.

இது ஆங்கில வானொலிகளின் வணிகச் சிக்கல், தமிழருக்கு இதில் என்ன என்று கேட்போர் உளர். ஹமில்ரனில் நடந்ததைச் சற்று நோக்குவோம்.

அங்கு 1150இல் ஒலித்த சி.கே.ஓ.சி. 1922ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பழைய பாடல்களுக்காகப் பலரும் விரும்பிக் கேட்ட அந்நிலையம் 2015இல் விளையாட்டு வானொலியாக மாற்றப்பட்டது. 2021 பெப்ரவரியில் அதுவும் திடீரென நிறுத்தப்பட்டு, வணிகச் செய்திகள் ஒலிபரப்பாயின. 820இல் இருந்த மற்றைய நிலையமோ பதிவு செய்யப்பட்ட நகைச்சுவைத் துணுக்குகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. ஹமில்ரன் மக்களுக்கென்று பேச அவற்றில் எவர் எஞ்சியிருந்தனர்? விற்பனை அறிவித்தல் வந்தபோது கண்ணீர் விடுவதற்கு நேயர்களும் இல்லை. நிலையத்தை வெறுமையாக்கிய பின்னர், கேட்பார் இல்லை என்று கூறி விற்பது இத்துறையில் புதிதன்று.

ஏ.எம். ஏன் முதலில் கைவிடப்படுகிறது? 1150 கிலோ ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 260 மீற்றர். அதற்கு 65 மீற்றர் உயரக் கோபுரம் வேண்டும். கோபுரத்தைச் சுற்றி நிலத்தடியில் செப்புக் கம்பிகளை ஆரைகளாகப் பரப்ப வேண்டும். எப்.எம். அலையின் நீளம் மூன்று மீற்றர்தான். உயர்ந்த கட்டடமொன்றின் உச்சியில் அதன் அலைவாங்கியை நிறுத்திவிடலாம். நகரம் வளர வளர, ஏ.எம். நிலையத்தைவிட அது நிற்கும் காணி விலை பெறுகிறது. வாஷிங்டன் நகருக்கு அருகே பெதஸ்டாவில் டபிள்யு.எம்.ஏ.எல். கோபுரங்கள் நின்ற 75 ஏக்கர் நிலம் வீடமைப்பு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. 2020இல் கோபுரங்கள் வீழ்த்தப்பட்டன.

மற்றொன்று மோட்டார் வாகனம். மின்சார வாகனங்களின் இயந்திரம் ஏ.எம். ஒலியில் இரைச்சலை உண்டாக்குவதால் ரெஸ்லா போன்ற நிறுவனங்கள் அவ்வசதியையே நீக்கின. போர்ட் நிறுவனமும் 2023 ஏப்ரலில் அவ்வாறே அறிவித்து, அமெரிக்க அரசியலாளரின் எதிர்ப்பினால் மறுமாதமே பின்வாங்கியது.

ஆயினும், கைவிடப்பட்ட இந்த ஏ.எம். அலைவரிசைகள்தான் குடியேறிய சமூகங்களுக்கு வாசலாக அமைந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. ரொறன்ரோவில் 1966ஆம் ஆண்டு ஜோனி லொம்பார்டி தொடங்கிய பன்மொழி வானொலி 1540 ஏ.எம். அலைவரிசையிலேயே பிறந்தது. ஹமில்ரன் நிலையங்களும், மிசிசாகாவில் தெற்காசிய ஒலிபரப்பை நடத்திவந்த ஒருவருக்கே விற்கப்படவிருந்தன. பிறர் விட்டுச்செல்லும் வீட்டில் நாம் குடிபுகுகின்றோம். அவ்வேளையில் வீதியையே மூடிவிடுகின்றனர்.

தமிழர் வந்த வழி இதனினும் கடினமானது. 1990களில் இங்கு தமிழ் ஒலிபரப்புகள் எப்.எம். நிலையங்களின் துணை அலையில் ஒலித்தன. அதற்கெனத் தனிப் பெட்டி வாங்கவேண்டும். 2003ஆம் ஆண்டு பொது விசாரணையின் பின்னரே 101.3 எப்.எம். பன்மொழி வானொலிக்கு உரிமம் கிட்டியது.

எளிய பெட்டியின் அருமையை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990இன் பின்னர் மின்சாரமில்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, தைனமோவின் மின்னில் செய்தி கேட்டோம். சுற்றியவர் இளைத்தால் செய்தியும் தேய்ந்துவிடும்! அன்று கேட்ட சிற்றலையும் மத்திய அலையும் வீச்சுப் பண்பேற்ற ஒலிபரப்புகளே. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒன்ராறியோ இருளில் மூழ்கியபோதும் பற்றரி வானொலிதான் கைகொடுத்தது. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது என்பவர்கள் அந்த இரவை எண்ணிப் பார்க்கட்டும்.

இந்நாட்டின் ஒலிபரப்புச் சட்டம் அலைவரிசைகளைப் பொதுச் சொத்து என்கிறது. நிறுவனம் பெறுவது உரிமம் மட்டுமே. அது கைமாறுவதற்கு வானொலி தொலைக்காட்சி தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம் பொது அறிவித்தலாக வெளியாகும். எவரும் கருத்துரை எழுதலாம். வாங்குபவர் பொதுவாக விலையின் 6 வீதத்தை ஒலிபரப்பு வளர்ச்சிக்கு ஒதுக்கவும் வேண்டும். அதில் ஒரு சிறு பங்கு சமூக வானொலிகளுக்கும் செல்கிறது. எத்தனை மணிநேரம் உள்ளூர்ச் செய்தி, எந்தெந்த மொழிகள் என்று கேட்கவேண்டிய நேரம் அதுவே. உரிமம் கைமாறிய பின் கேட்டுப் பயனில்லை.

கருத்துரை ஒரு பக்கம் போதும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கவேண்டும். மூத்தோர் தமிழில் சொல்வதை மொழிபெயர்த்து எழுத இளையோர் நால்வர் முன்வந்துள்ளனர். இன்னும் சிலர் தேவை. விரும்புவோர் வாசலில் உள்ள ஏட்டில் பெயரைப் பதிந்து செல்லுங்கள்.